வடதுருவ மீள் அடுக்கு வெப்பமேறினால், காந்த நடுக்கோட்டின் அயனி மண்டலம் ஏன் நிலைகுலைகிறது?

#1 காந்தப்பதிவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். காந்த நடுக்கோட்டுக்கு (புவிக்காந்தப் புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) மிக அருகில் இயங்கிய ஒரு காந்தமானியின் பழைய தாள் பதிவுகளைப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கும் வேலையைச் சில மாதங்களாகச் செய்துவருகிறேன். புவிக்காந்தப் புலத்தின் கிடைக்கூறு இத்தகைய இடங்களில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே வடிவத்தை வரையும். சூரியன் எழுந்ததும் கோடு ஏறத் தொடங்கும், நண்பகலுக்குச் சற்று முன்பு உச்சியைத் தொடும், மாலைக்குள் இரவு மட்டத்துக்குத் திரும்பிவிடும். ஏறத்தாழ 105 கி.மீ. உயரத்தில், காற்று மின்னேற்றம் பெற்றிருக்கும் அயனி மண்டலத்தில், பகல் முழுவதும் கிழக்கு நோக்கிப் பாயும் நடுக்கோட்டு மின்தாரையின் நிழல்தான் அந்த மேடு.

2009 ஜனவரியின் கடைசி வாரத் தாள்களைப் பிரித்தபோது இந்த வடிவம் குலைந்திருப்பதைக் கண்டேன். காலை மேடு வழக்கத்தைவிட உயரமாக எழுந்து, பிறகு செங்குத்தாகச் சரிந்து, பிற்பகலில் இரவு மட்டத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அதாவது மின்தாரை திசை மாறி மேற்கு நோக்கிப் பாய்ந்திருக்கிறது. இதற்கு எதிர் மின்தாரை என்று பெயர் என்பதும், 1962-இலேயே அடிஸ் அபாபா பதிவுகளில் கூயின் என்பவர் இதைக் கண்டு எழுதினார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாரத்தில் குறிப்பிடும்படியான காந்தப் புயல் (சூரியனின் சீற்றத்தால் புவிக்காந்தப் புலம் கலங்குவது) எதுவும் இல்லை. வடதுருவத்தின் மீள் அடுக்கில் (ஸ்ட்ராடோஸ்பியர், அதாவது நாம் வாழும் கீழடுக்குக்கு மேலே ஏறத்தாழ 50 கி.மீ. வரை உள்ள காற்றடுக்கு) அப்போது நிகழ்ந்த திடீர் வெப்பமேற்றமே காரணம் என்று ஒருவர் சொன்னார். 30 கி.மீ. உயரத்தில், அதுவும் துருவத்தில் ஏறிய வெப்பம், நடுக்கோட்டில் 105 கி.மீ. உயரத்துக்கு எப்படி வந்து சேரும்? வெப்பம் மேலே பரவுகிறதா? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

#2 மேல்வளி

தங்கள் கேள்வியின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் அதுதான். வெப்பம் மேலே பரவுவதில்லை. துருவ மீள் அடுக்கு சூடேறும்போது, அதற்கு மேலே உள்ள இடையடுக்கு குளிர்கிறது. எனவே சூடு படிப்படியாக ஏறி அயனி மண்டலத்தை எட்டுகிறது என்ற படம் முதல் படியிலேயே உடைந்துவிடுகிறது. மேலே செல்வது வெப்பம் அன்று, அலை. திடீர் வெப்பமேற்றம் என்பதே அலைகள் செய்த வேலையின் ஒரு தடயம்தான்.

குளிர்காலத்தில் துருவத்துக்குச் சூரிய ஒளி கிடைக்காததால் அங்குள்ள மீள் அடுக்கு உறைந்து குளிர்கிறது. அதைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக வலுவான காற்று வளையம் ஒன்று சுழல்கிறது. இதைத்தான் துருவச் சுழல் என்கிறோம். கீழடுக்கில் பெரிய மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாடும் ஆயிரக்கணக்கான கி.மீ. நீளமுள்ள கோள் அலைகளை எழுப்புகின்றன. மேற்குக் காற்று அளவான வேகத்தில் வீசும்வரைதான் இவ்வலைகள் மேலேற முடியும் என்பதைச் சார்னியும் டிராசினும் 1961-இல் காட்டினார்கள். கோடையில் மீள் அடுக்கில் கிழக்குக் காற்று வீசுவதால் அலைக்குப் பாதை அடைபட்டிருக்கிறது. இந்நிகழ்வு குளிர்காலத்துக்கே உரியதாக இருப்பது அதனால்தான். மேலேறிய அலைகள் அங்கே உடையும்போது தாம் சுமந்துவந்த உந்தத்தைக் காற்றில் கொட்டிவிடுகின்றன. மேற்குக் காற்று தளர்கிறது, சில நாட்களில் திசையே மாறுகிறது. துருவத்தின் மீது காற்று கீழ்நோக்கி அமிழ்கிறது. அமிழும் காற்று அழுத்தத்தால் சூடேறுகிறது. இவ்வாறு அலையும் காற்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொள்ளும் வழியைக் கணக்கிட்டு 1971-இல் விளக்கியவர் மட்சுனோ. நிகழ்வை முதலில் கண்டவர் ஷெர்ஹாக். 1952-இல் பெர்லினில் விட்ட வானிலை பலூன்கள் அனுப்பிய வெப்பநிலை அளவுகளில் அது வெளிப்பட்டது.

10 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில், அதாவது ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தில், 60 பாகை வட அட்சத்தைச் சுற்றி வீசும் சராசரி மேற்குக் காற்று கிழக்குக் காற்றாகத் திரும்பினால் அதைப் பெருநிகழ்வு என்று வகைப்படுத்துகிறார்கள். வட கோளத்தில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஆறு முறை இது நிகழ்கிறது. தாங்கள் குறிப்பிட்ட 2009 ஜனவரி நிகழ்வு பதிவான மிக வலிமையான நிகழ்வுகளுள் ஒன்று. துருவச் சுழல் இரண்டாகப் பிளந்தது. துருவத்தின் 10 ஹெக்டோபாஸ்கல் வெப்பநிலை சில நாட்களில் 60 செல்சியஸ் பாகைக்கும் மேல் ஏறியது. ஜனவரி 24 அளவில் காற்று திசை மாறி, பிறகு நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் வீசியது.

இனி நடுக்கோட்டுக்கு வருவோம். கோள் அலைகள் தாமாகவே 105 கி.மீ. வரை ஏறி மின்தாரையைத் தொடுவதில்லை. உலகளாவிய காற்றின் அமைப்பை அவை மாற்றிவிடுகின்றன, அந்த மாற்றப்பட்ட காற்றின் வழியாக ஏறவேண்டிய ஓதங்கள் வேறு வலிமையோடும் வேறு நேரத்திலும் மேலே வந்து சேர்கின்றன. கடலில் இருப்பதைப் போலவே வளிமண்டலத்திலும் நாளுக்கு ஒருமுறையும் இருமுறையும் எழுந்து விழும் ஓதங்கள் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், அதே ஆற்றலைச் சுமக்கும் அலையின் வீச்சு பெருகியாக வேண்டும். 10 கி.மீ. உயரத்துக்கும் 100 கி.மீ. உயரத்துக்கும் இடையே அடர்த்தி ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. தேய்மானம் இல்லையென்றால் வீச்சு ஆயிரம் மடங்காகும். தரையில் யாரும் உணராத சிறு அசைவு மேலே நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகமுள்ள காற்றாக வீசுவதற்கு இதுவே காரணம். அயனி மண்டலத்தின் 100 முதல் 130 கி.மீ. வரையிலான பகுதியான ஈ அடுக்கில் அயனிகள் காற்றோடு இழுபடுகின்றன, எலக்ட்ரான்களோ காந்தக் கோடுகளில் கட்டுண்டு நிற்கின்றன. இந்தப் பிரிவினையால் மின்னோட்டமும் மின்புலமும் பிறக்கின்றன. இந்த டைனமோவைச் சுழற்றும் கை ஓதக் காற்றின் கை. அது மாறினால் தங்கள் தாளில் உள்ள கோடும் மாறும்.

#3 ஐயவினா

மேல்வளி அவர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அழகு சான்றாகாது. அயனி மண்டலத்தை உருவாக்குவதே சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும்தான். சூரியன் 27 நாட்களுக்கு ஒருமுறை தன்னைச் சுற்றும்போது கதிர்வீச்சு ஏறி இறங்குகிறது. சூரியக் காற்றின் காந்தப் புலம் சற்றே தெற்கு நோக்கித் திரும்பினால்கூட உயர் அட்ச மின்புலம் நடுக்கோடு வரை ஊடுருவுகிறது. இத்தனையும் இருக்க, எதிர் மின்தாரை வெப்பமேற்றம் எதுவும் இல்லாத நாட்களிலும் வருகிறது. ஒரு வாரத்தில் துருவத்தில் ஒன்று நடந்தது, அதே வாரத்தில் நடுக்கோட்டில் மற்றொன்று நடந்தது என்பதை வைத்துக்கொண்டு காரண காரியம் பேசிவிட முடியுமா? இந்த ஐயத்தை முதலில் தீர்க்காமல் மேற்கொண்டு செல்வது முறையாகாது என்று கருதுகிறேன்.

#4 மேல்வளி

கேட்க வேண்டிய கேள்விதான், நண்பரே. பல பத்தாண்டுகள் இந்தத் துறை தயங்கி நின்றதும் இதே இடத்தில்தான். தயக்கத்தைக் குறைத்தது சூரியன் தானே ஒதுங்கி நின்ற ஒரு காலம். 2008, 2009 ஆண்டுகளில் சூரியச் செயல்பாடு நீண்ட, ஆழமான தாழ்நிலையில் கிடந்தது. சூரியக் கரும்புள்ளிகள் இல்லாத நாட்கள் தொடர்ந்து வந்தன, சூரியச் செயல்பாட்டை அளக்கப் பயன்படும் 10.7 செ.மீ. ரேடியோ பாய்வு தன் அடிமட்டமான 70 அலகுகளை ஒட்டியே இருந்தது. மேலிருந்து வரும் இரைச்சல் அடங்கியதால் கீழிருந்து வருவது காதில் விழுந்தது.

முதலில் 2008 ஜனவரி நிகழ்வு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள மில்ஸ்டோன் ஹில் ராடாரை வைத்துக் கொன்சரென்கோவும் ஷாங்கும் அயனிகளின் வெப்பநிலையை அளந்தார்கள். 120 முதல் 140 கி.மீ. வரை ஒரு குறுகிய பட்டையில் வெப்பம் கூடியிருந்தது, 150 கி.மீ.க்கு மேலே குறைந்திருந்தது. அதே நிகழ்வின்போது பெருவில் லிமாவுக்கு அருகே காந்த நடுக்கோட்டில் உள்ள ஹிகாமார்கா ராடார் வேறொன்றைக் கண்டது. 18,432 இருமுனை ஆண்டெனாக்களைத் தரையில் பரப்பி, 50 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அந்த ராடார், பிளாஸ்மா, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயு, மேலே எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை நேரடியாக அளக்க வல்லது. காலையில் வழக்கத்தைவிட வேகமாக மேலேற்றம், பிற்பகலில் கீழிறக்கம் என்று அரைநாள் தாளத்தில் அது ஆடியதைச் சாவும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்டார்கள்.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். ஹிகாமார்காவுக்கு மேலே காந்தப் புலம் ஏறத்தாழ 25,000 நானோடெஸ்லா. நொடிக்கு 20 மீட்டர் மேலேற்றத்துக்கு வேண்டிய கிழக்கு நோக்கிய மின்புலம், இரண்டையும் பெருக்கினால், மீட்டருக்கு அரை மில்லிவோல்ட். ஒரு கி.மீ. தூரத்துக்கு அரை வோல்ட்! இவ்வளவு மெல்லிய புலத்தைப் புரட்டிப்போடப் பெரும் விசை எதுவும் தேவையில்லை, ஓதக் காற்றின் நேரம் சற்று மாறினால் போதும்.

இந்த மேலேற்றம் மின்தாரையோடு நின்றுவிடுவதும் இல்லை. நடுக்கோட்டில் தூக்கப்பட்ட பிளாஸ்மா காந்தக் கோடுகளின் வழியே இருபுறமும் சரிந்து, காந்த அட்சம் 15 பாகையை ஒட்டி இரண்டு செறிவுப் பட்டைகளாகக் குவிகிறது. நீரூற்றைப் போன்ற இந்த ஓட்டம் வலுத்தால் பட்டைகள் செறிவடைந்து துருவங்களை நோக்கி நகரும், தளர்ந்தால் அவை மெலிந்து நடுக்கோட்டை நோக்கிச் சுருங்கும். 2009 ஜனவரி இறுதியில் தென்னமெரிக்காவின் ஜிபிஎஸ் நிலையங்கள் காட்டியது இதைத்தான். காலையில் பட்டைகள் வீங்கின, பிற்பகலில் கரைந்தன. தாழ் அட்சங்களில் மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை (தரைக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையே உள்ள எலக்ட்ரான்களின் அளவு) 50 முதல் 150 விழுக்காடு வரை மாறியது என்று 2010-இல் கொன்சரென்கோவும் உடன் உழைத்தவர்களும் எழுதினார்கள். ஒரு பெரிய காந்தப் புயலிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவு இது. புயல் இல்லாத வாரத்தில் வந்தது.

ஐயவினா அவர்களின் எச்சரிக்கையில் ஒரு பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். எதிர் மின்தாரை ஒவ்வொன்றுக்கும் வெப்பமேற்றம் காரணமன்று. ஆனால் ஒரு நிகழ்வை மட்டும் பார்க்காமல் பல குளிர்காலங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும், வேறுவேறு தீர்க்கக்கோடுகளில் ஒரே நாட்களில் அதே தாளம் தென்பட்டபோதும், தற்செயல் என்று சொல்லும் இடம் மிகவும் சுருங்கிவிட்டது.

#5 நிலவளவர்

வரைபடப் பணியில் ஜிபிஎஸ் கருவியோடு நாள் கழிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கையின் ஓர் அலகு என்பது ஒரு சதுர மீட்டர் தூணில் பத்தாயிரம் இலட்சங்கோடி எலக்ட்ரான்கள், அதாவது பத்தின் 16-ஆம் அடுக்கு. ஜிபிஎஸ்ஸின் முதல் அலைவரிசையான 1575.42 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலகு கூடினால் தொலைவு அளவீட்டில் 16 செ.மீ. பிழை சேரும். 20 அலகு மாறினால் 3.2 மீட்டர், செயற்கைக்கோள் தொடுவானத்தை நெருங்க நெருங்க இது இன்னும் பெருகும். இரண்டு அலைவரிசைகளில் வாங்கும் கருவி இப்பிழையின் பெரும்பகுதியைத் தானே கழித்துவிடும். ஓர் அலைவரிசைக் கருவியோ செயற்கைக்கோள் ஒலிபரப்பும் சராசரி மாதிரியை நம்பியிருக்கிறது, அந்த மாதிரிக்குத் துருவச் சுழல் பிளந்த செய்தி தெரியாது. காலையில் ஒரு பக்கமும் பிற்பகலில் மறுபக்கமும் பிழை சாயும் வாரங்களில், காந்தப் புயல் எச்சரிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் ஏமாறுவார்.

#6 முதுகலை_இயற்பியல்

ஐயா, ஒரு கேள்வி. அரைநாள் தாளம் என்று சொன்னீர்கள். நான் படித்த ஒரு கட்டுரையில் அந்தத் தாளம் ஒவ்வொரு நாளும் சற்றுத் தாமதமாக வருகிறது என்றும், அதற்கு நிலவே காரணம் என்றும் இருந்தது. வெப்பமேற்றத்துக்கும் நிலவுக்கும் என்ன தொடர்பு என்பது எனக்குப் பிடிபடவில்லை.

#7 மேல்வளி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சற்று நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலவின் ஈர்ப்பு கடலை இழுப்பதைப் போலவே காற்றையும் இழுக்கிறது. ஆனால் தரையில் அதன் தடயம் மிக மிகச் சிறியது. வெப்ப மண்டலப் பகுதிகளில்கூட நிலவு ஓதத்தால் காற்றழுத்தம் மாறும் அளவு ஒரு ஹெக்டோபாஸ்கலில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை. சூரியனால் வரும் அரைநாள் அழுத்த மாற்றமோ ஒரு ஹெக்டோபாஸ்கலைத் தாண்டும். நிலவு ஓதத்தின் காலம் 12.42 மணி. சூரிய ஓதத்துக்குச் சரியாக 12 மணி. எனவே நிலவின் தாளம் சூரியக் கடிகாரத்தில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பின்தங்கும். கடலோரத்தில் உயர் ஓதம் நாளுக்கு நாள் தள்ளிப்போவதற்கும் அதே 50 நிமிடம்தான் காரணம்.

காந்தப் பதிவுகளில் நிலவின் சுவடு இருப்பதை 1850-இலேயே கிரைல் பிராகாவில் கண்டுவிட்டார். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னோட்டம் இருக்க வேண்டும் என்றும், காற்றின் அசைவே அதன் டைனமோ என்றும் பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882-இல் சொன்னபோது அயனி மண்டலம் என்ற சொல்லே கிடையாது. 1939-இல் ஆப்பிள்டனும் வீக்ஸும் ரேடியோ எதிரொலியைக் கொண்டு, ஈ அடுக்கு நிலவின் நேரத்தை ஒட்டி உயர்ந்து தாழ்வதை அளந்தார்கள். அடுத்த ஆண்டு, 1940-இல், பார்ட்டெல்ஸும் ஜான்ஸ்டனும் பெருவின் ஹுவாங்கயோ காந்த நிலையப் பதிவுகளை ஆராய்ந்தபோது ஒரு புதிர் தட்டுப்பட்டது. சில நாட்களில் மட்டும் நிலவின் தடயம் வழக்கத்தைவிடப் பன்மடங்கு பெரிதாக இருந்தது. அந்நாட்களைப் 'பெரிய நிலவு நாட்கள்' என்று தனியே குறித்துவைத்தார்கள். நிலவின் ஈர்ப்பு அப்படித் திடீரென்று கூடாது. திடீர் வெப்பமேற்றம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரிய இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

நிலவு மாறவில்லை, பாதை மாறியது. அந்தப் புதிருக்கு இன்று நாம் சொல்லும் விடை இதுதான். வளிமண்டலத்துக்கும் ஒரு மணியைப் போல இயல்பான அதிர்வுக் காலங்கள் உண்டு. அவை வெப்பநிலையும் காற்றும் உயரத்துக்கேற்ப எப்படி அமைந்துள்ளன என்பதைப் பொறுத்தவை. பெரிய வெப்பமேற்றத்தின்போது இந்த அமைப்பு மாறி, இயல்பதிர்வுக் காலங்களுள் ஒன்று நிலவின் 12.42 மணியை நெருங்குகிறது. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் ஆட்டம் பெருகுவதைப் போல, அதே மெல்லிய ஈர்ப்புக்கு வளிமண்டலம் மிகப் பெரிதாக விடையளிக்கிறது. 2009 நிகழ்வை எடுத்துக்கொண்டு ஃபோர்ப்ஸும் ஷாங்கும் 2012-இல் இதைக் காட்டினார்கள். வெப்பமேற்றக் காலங்களில் நடுக்கோட்டுப் பிளாஸ்மாவின் நகர்வு நிலவின் நிலையைப் பின்பற்றுவதை 2010-இல் ஃபேயரும் அவருடன் உழைத்தவர்களும் பல நிகழ்வுகளில் கண்டிருந்தார்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். 2009 ஜனவரி 24 அளவில் காற்று திரும்பியது. ஜனவரி 26 அமாவாசை. அன்று ஒரு வளையச் சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. காலையில் உயர்ந்து பிற்பகலில் தாழும் அந்த வடிவம் மிகத் தெளிவாகத் தெரிந்தது ஜனவரி 27-ஐ ஒட்டித்தான்.

சூரிய ஓதத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதை விட்டுவிடக் கூடாது. அரைநாள் சூரிய ஓதத்தின் முக்கிய ஊற்று, மீள் அடுக்கில் ஓசோன் வாயு புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சூடேறுவது. துருவத்தில் காற்று அமிழும்போது வெப்ப மண்டலத்தின் மீள் அடுக்கில் காற்று எழும்புகிறது, அங்கே குளிர்கிறது. குளிர்ச்சியில் ஓசோன் அழிவது மெதுவாகிறது. அதன் அளவு கூடுகிறது. ஓதத்தை எழுப்பும் வெப்பமும் கூடுகிறது. இம்மாற்றம் வெப்பமேற்றத்துக்குப் பிறகும் வாரக்கணக்கில் நீடிப்பதால், பின்னால் வரும் அயனி மண்டல மாற்றங்களுக்கு இது ஊட்டம் தரக்கூடும்.

#8 ஐயவினா

2008, 2009 சூரியத் தாழ்நிலை பற்றிய விளக்கம் என் முதல் ஐயத்தைப் பெருமளவு தீர்த்துவிட்டது, அதற்கு நன்றி. ஆனால் நிலவு பற்றிய பகுதியில் ஓர் அளவியல் சிக்கல் இருக்கிறது. 12 மணித் தாளத்தையும் 12.42 மணித் தாளத்தையும் பிரித்தறிய வேண்டுமானால், இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகி மீண்டும் சேரும் காலம்வரை, அதாவது ஏறத்தாழ 14.8 நாட்கள், பதிவு வேண்டும். வெப்பமேற்றத்தின் உச்ச விளைவே அவ்வளவு நாட்கள்தான் நிற்கிறது. அந்தச் சிறு சாளரத்துக்குள் சூரிய ஓதத்தின் கட்டம் (தாளத்தின் உச்சி வரும் நேரம்) நாளுக்கு நாள் நகர்ந்தாலும் அது நிலவு ஓதம் போலவே தோற்றமளிக்கும். கோள் அலைகளுள் 16 நாட்களை ஒட்டிய காலம் கொண்டவை உண்டு. அவை சூரிய ஓதத்தோடு கலந்தால் 12.42 மணிக்கு மிக நெருங்கிய தாளமே பிறக்கும். ஒரே நிலையத்தின் பதிவை வைத்துக்கொண்டு, நாளுக்கு 50 நிமிட நகர்வைக் கண்டதும் நிலவே என்று கூறிவிடுவது சரியா?

#9 காந்தப்பதிவு

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மேல்வளி அவர்களின் 50 நிமிடத்தைப் படித்ததும் தாள்களை மீண்டும் எடுத்தேன். ஜனவரி 25 முதல் பிப்ரவரி 3 வரையிலான கோடுகளை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படியெடுக்கும் தாளில் பென்சிலால் பதிந்து, உள்ளூர் நண்பகல் குறிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். தனித்தனியாகப் பார்க்கும்போது ஒழுங்கற்றவையாகத் தெரிந்த பள்ளங்கள், ஒன்றாகப் பார்க்கும்போது படிக்கட்டு போல வலப்பக்கம் இறங்கிச் சென்றன. ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையே முக்கால் மணி முதல் ஒரு மணி வரை இடைவெளி. ஜனவரி 30, 31-க்குள் பள்ளம் அந்திப் பொழுதில் நுழைந்து மறைந்துவிடுகிறது. சூரியன் மறைந்ததும் ஈ அடுக்கின் கடத்துதிறன் விழுந்துவிடுவதால் அதற்குமேல் கோட்டில் எதுவும் தெரிய வழியில்லை என்று நினைக்கிறேன். பிப்ரவரி 2, 3 தாள்களில் வடிவம் தலைகீழாக இருக்கிறது. காலையில் கோடு எழவே தயங்குகிறது. மேடு பிற்பகலுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

ஐயவினா அவர்கள் சொல்லும் சிக்கல் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் படிக்கட்டைக் கண்ணால் பார்த்த பிறகு மனம் அமைதியாக இருக்க மறுக்கிறது.

#10 மேல்வளி

தாங்கள் கண்ட தலைகீழ் வடிவம் கணக்கோடு பொருந்துகிறது. நாளுக்கு 50 நிமிடம் என்றால் ஏழு நாளில் 350 நிமிடம், ஏறக்குறைய அரைத் தாளம். மேடு இருந்த நேரத்தில் பள்ளமும், பள்ளம் இருந்த நேரத்தில் மேடும் வர வேண்டும். பிப்ரவரி 2 வளர்பிறை அரைநிலவு நாள்.

ஐயவினா அவர்களின் வாதம் வலுவானது, அதைச் சுற்றிச் செல்ல நான் முயலவில்லை. ஒரே நிலையத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் கருத்தும். பல தீர்க்கக்கோடுகளில் உள்ள நிலையங்களைச் சேர்த்தால், சூரியனைத் தொடரும் ஓதமும், நிலவைத் தொடரும் ஓதமும், கோள் அலையோடு கலந்து பிறந்த ஓதமும் உலகைச் சுற்றும் விதத்தில் வேறுபடுவது தெரியும். வளிமண்டலத்தைத் தரை முதல் அயனி மண்டலம் வரை ஒன்றாகக் கணக்கிடும் மாதிரிகளில் நிலவின் ஈர்ப்பைச் சேர்த்தும் நீக்கியும் ஓட்டிப்பார்க்கலாம். 2009-ஐ நிலவு இல்லாமல் ஓட்டும்போது நடுக்கோட்டு நகர்வின் ஒரு முக்கியப் பகுதி காணாமல் போகிறது. ஆனால் ஒவ்வொரு நிகழ்விலும் நிலவுக்கு அதே பங்கு இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தென் கோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மலையும் நிலமும் குறைவாக இருப்பதால் கோள் அலைகள் மெலிந்தவை. பதிவான ஒரே பெருநிகழ்வு 2002 செப்டம்பரில் நேர்ந்தது. 2019 செப்டம்பரில் காற்று முழுமையாகத் திரும்பாவிட்டாலும் வெப்பமேற்றம் வலுவாக இருந்தது. அப்போது அயனி மண்டலத்தில் முன்னணியில் நின்றது ஏறத்தாழ ஆறு நாள் தாளம். புவிக்காந்தப் புலத்தை அளக்கும் ஐரோப்பாவின் ஸ்வார்ம் செயற்கைக்கோள்களின் காந்த அளவீடுகளில் மின்தாரை அந்த ஆறு நாள் ஊசலோடு கூடிக் குறைந்தது. வேறு பருவம், வேறு அலை.

மின்புலத்தைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலுத்த ஓதங்கள் வெப்ப அடுக்கின் (இடையடுக்குக்கு மேலே உள்ள காற்றடுக்கு) அடியில் தேய்ந்து அடங்கும்போது அங்குள்ள காற்றோட்டத்தை மாற்றுகின்றன. அதனால் மேலே ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் நைட்ரஜன் மூலக்கூறுகளோடு ஒப்பிடக் குறைகிறது. அயனி மண்டலத்தில் ஈ அடுக்குக்கு மேலே உள்ள எஃப் அடுக்கில் எலக்ட்ரான்களைத் தருவது ஆக்சிஜன் அணு. அவற்றை விரைவில் இழக்கச் செய்வது நைட்ரஜன் மூலக்கூறு. எனவே காலை, பிற்பகல் ஊசலாட்டத்துக்கு அடியில், பல நாட்கள் நீளும் ஒரு பொதுவான மெலிவும் ஓடிக்கொண்டிருக்கும்.

நிலவளவர் அவர்களுக்கு ஒரு நற்செய்தி. சூரியப் பிழம்பின் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் பிளாஸ்மா மேகம் ஒன்றிரண்டு நாள் அவகாசம் தருகிறது. துருவச் சுழல் உடையப் போவதையோ வானிலை மாதிரிகள் ஒரு வாரத்துக்கு முன்பே, சில வேளைகளில் அதற்கும் முன்பே, சொல்லிவிடுகின்றன. அதற்குப் பிறகு நடுக்கோட்டு விளைவு முதிரச் சில நாட்கள் ஆகின்றன. நிலவு அன்று எங்கே நிற்கும் என்பதைக் கேட்கவே வேண்டாம். அயனி மண்டல முன்னறிவிப்பில் இவ்வளவு நீண்ட அவகாசம் கிடைக்கும் இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதை நடைமுறைச் சேவையாகக் கொண்டுவர வேண்டும் என்பது என் உள்ளார்ந்த விருப்பம்.

#11 ஐயவினா

பல தீர்க்கக்கோடுகள் என்ற விடையை ஏற்கிறேன். ஆனால் காந்தப்பதிவு அவர்களின் கையில் இருக்கும் ஒற்றை நிலையத்தைக் கொண்டும் ஒரு சோதனை செய்யலாம். 2009 ஜனவரி 11 பௌர்ணமி. நிலவின் அரைநாள் ஓதத்துக்குப் பௌர்ணமியும் அமாவாசையும் ஒரே கட்டம். பருவமும் ஏறக்குறைய அதே. சூரியனும் அதே தாழ்நிலையில். வேறுபாடு ஒன்றே ஒன்று, துருவச் சுழல் அன்று உடையவில்லை. ஜனவரி 11, 12 தாள்களில் பிற்பகல் பள்ளம் இல்லாமலோ மிக ஆழங்குறைந்தோ இருந்தால், நிலவு மட்டும் போதாது, வெப்பமேற்றமும் வேண்டும் என்பதற்கு அது நல்ல அறிகுறி. பிறகு பிப்ரவரி 9 பௌர்ணமி வருகிறது. அதற்குள் பெருக்கம் எந்த அளவு தணிந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். மூன்று நாட்களையும் ஒரே கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள், ஐயா.

#12 காந்தப்பதிவு

நல்ல யோசனை. ஜனவரி முதல் பாதியின் கட்டு இன்னும் நூல் அவிழ்க்காமல் மேல் தட்டிலேயே இருக்கிறது. பிப்ரவரிக் கட்டில் 9-ஆம் தேதித் தாள் கிழியாமல் இருப்பதை இப்போதுதான் சரிபார்த்தேன். அமைதியான சில நாட்களின் சராசரிக் கோடு ஒன்றையும் உடன் வரைந்துவிடுகிறேன், அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று நானோடெஸ்லாவில் அளந்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் தொடங்குகிறேன். படங்களை இதே இழையில் இடுகிறேன்.